ஆமை ராஜாவின் மீசை: படப் புத்தகத்துக்குள் இருக்கும் அரசியலை வாசிக்கும் முறை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். வாசகர் வட்டம் நடத்தும் நிகழ்ச்சி அது. ஏழு வயதிலிருந்து பதினொரு வயது வரை உள்ள பிள்ளைகள் வருவார்கள். புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், படத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கதையைத் தமிழில் சொல்வேன். கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மாக்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "இந்தக் கதைக்குள்ள அரசியல் இருக்குன்னு சொல்றாங்களே, அதை எப்படிப் பார்க்கிறது? பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா?"

பார்க்கலாம், சொல்லவும் செய்யலாம். ஆனால் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இந்தச் சிங்கம் எந்தத் தலைவர், இந்த நரி எந்தக் கட்சி என்று முதல் பக்கத்திலேயே பொருத்திப் பார்க்கிறார்கள். ஆளைக் கண்டுபிடிப்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. சில கதைகளில் அது தேவையே இல்லை. முதலில் பார்க்க வேண்டியது, கதைக்குள் அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதை. யார் கட்டளை போடுகிறார்? யார் சுமக்கிறார்? யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்? பயம் எந்தப் பக்கத்தில் வருகிறது, எந்தப் பக்கத்தில் போகிறது? இவை தெரிந்துவிட்டால் மீதி தானாக வரும்.

முதல் வாசிப்பில் எதையும் தேடாதீர்கள்

முதல் தடவை கதையாகவே வாசியுங்கள். பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போய்விடுவோம். குழந்தை படத்தில் நிற்கும், மூலையில் இருக்கும் சின்ன உருவத்தை முதலில் பார்க்கும். படப் புத்தகத்தில் நையாண்டி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எழுத்து ஒன்று சொல்லும், படம் அதற்கு மாறாக வேறொன்றைக் காட்டும். "ராஜா மிகவும் நல்லவர்" என்று வரி ஓடும்; படத்தில் ராஜாவின் நாற்காலியைத் தூக்கிப் பிடித்திருப்பவர்களின் முகம் வேறு கதை சொல்லும். அந்த இடைவெளி எந்தப் பக்கத்தில் வருகிறதோ, அங்கே ஒரு துண்டுக் காகிதம் வைத்துவிட்டு மேலே போங்கள்.

இரண்டாவது வாசிப்பில் எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் வரிசையாகப் புரட்டுங்கள். மேலே இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார், யார் பெரிதாக வரையப்பட்டிருக்கிறார், கூட்டத்தில் ஒருவராவது வேறு பக்கம் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

ஆமை அடுக்கை எடுத்துக்கொள்வோம்

இதைக் கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த புத்தகம், டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதி வரைந்த அமெரிக்கர் 1958இல் வெளியிட்ட யெர்ட்டில் என்ற ஆமையின் கதை. சாலா-மா-சாண்ட் என்ற தீவில் ஒரு குளம். தண்ணீர் இதமாக இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ராஜா யெர்ட்டிலுக்கு மட்டும் தான் உட்காரும் கல் தாழ்வாகப் படுகிறது. தன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தனக்குச் சொந்தம், அப்படியானால் இன்னும் உயரத்தில் உட்கார்ந்தால் இன்னும் நிறையச் சொந்தமாகும் என்பது அவன் கணக்கு. ஒன்பது ஆமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வைத்து உச்சியில் ஏறிக்கொள்கிறான். ஒரு மாடு தெரிகிறது, ஒரு வீடு தெரிகிறது, ஒரு பூனை தெரிகிறது. அவற்றுக்கும் நானே ராஜா என்கிறான். அடியில் இருக்கும் மாக் என்ற சாதாரண ஆமை, முதுகு வலிக்கிறது என்கிறது. வாயை மூடு என்று பதில் வருகிறது. இன்னும் இருநூறு ஆமைகள் வந்து ஏறுகின்றன. மாக் மறுபடியும் பேசுகிறது. பசிக்கிறது, கீழே இருக்கும் எங்களுக்கும் உரிமை உண்டு என்கிறது. மறுபடியும் அதட்டல்தான். கடைசியில் நிலா தன்னைவிட உயரத்தில் எழுவதைப் பார்த்து ராஜா கொதித்துப்போகிறான். இன்னும் 5,607 ஆமைகள் வேண்டும் என்று கிளம்பும்போது, அடியில் இருந்த மாக் ஒரு ஏப்பம் விடுகிறது. அடுக்கு ஆட்டம் கண்டு ராஜா சேற்றில் விழுகிறான்.

இதை வாசித்துக் காட்டும்போது நான் செய்வது ஒன்றுதான். அடுக்கின் உச்சியில் ஒரு பிள்ளையை விரல் வைக்கச் சொல்வேன். அங்கிருந்து ஒவ்வோர் ஆமையாகக் கீழே இறங்கி மாக்கிடம் வரச் சொல்வேன். இறங்கும்போது ஒவ்வோர் ஆமைக்கும் ஒரே கேள்வி: இந்த ஆமை யாரைச் சுமக்கிறது, இதை யார் சுமக்கிறார்? நடுவில் இருக்கும் ஆமைகளிடம் வரும்போது பிள்ளைகள் தயங்குவார்கள். அதன் முதுகிலும் பாரம் இருக்கிறது, அதுவும் இன்னொருவர் முதுகை அழுத்துகிறது. ராஜாவைத் தாங்குவது ராஜாவின் பலம் அல்ல, நடுவில் நகராமல் நிற்பவர்கள்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "மிஸ், மாக் ஏன் முன்னாடியே நகரல? நகர்ந்திருந்தா அப்பவே விழுந்திருப்பாரே?" அரசியலைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிய தடித்த புத்தகங்கள் பல, இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன. அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்: பயம், பழக்கம், மேலே இருக்கும் மற்ற ஆமைகளுக்கு அடிபடும். மூன்றும் சரியான பதில்கள்.

இதற்குப் பிறகுதான் புத்தகத்துக்கு வெளியே போக வேண்டும். தியோடர் சூஸ் கைசல் என்பது டாக்டர் சூஸின் முழுப் பெயர். ஜெர்மனியிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1941 தொடக்கத்திலிருந்து 1943 தொடக்கம் வரை நியூயார்க்கின் பிஎம் என்ற நாளிதழுக்கு 400க்கும் மேற்பட்ட அரசியல் கார்ட்டூன்கள் வரைந்தார். 1941 அக்டோபரில் வந்த ஒரு கார்ட்டூனை அவசியம் தேடிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தலையிடக்கூடாது என்ற ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ இயக்கத்தின் பெயர் பொறித்த சட்டையோடு ஒரு அம்மா குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறாள். கதையின் பெயர் ‘அடால்ஃப் என்ற ஓநாய்’. ஓநாய் குழந்தைகளைத் தின்றுவிட்டது, ஆனால் அவர்கள் வெளிநாட்டுக் குழந்தைகள், அதனால் பரவாயில்லை என்று வாசிக்கிறாள். கேட்கும் குழந்தைகள் திகைத்துப் போயிருக்கிறார்கள். குழந்தைக் கதைக்குள் அரசியல் எப்படி நுழையும் என்பதை இந்த மனிதர் யெர்ட்டிலை எழுதுவதற்கு வெகு முன்பே யோசித்திருக்கிறார்.

1942 மார்ச் மாதக் கார்ட்டூன் ஒன்றில் ஆமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்தாக வரைந்திருக்கிறார். போர்த் தயாரிப்பில் மெத்தனமாக இருப்பவர்களைச் சாடும் படம் அது. ஆமைகள் அங்கே மந்தத்தின் அடையாளம். பதினாறு வருடம் கழித்து அதே அடுக்கு வருகிறது. இப்போது ஆமைகள் குடிமக்கள். ஒரே ஓவியர், ஒரே உருவம், வேறு பொருள். அதனால்தான் ஓர் உருவத்துக்கு ஒரு பொருள் என்று அகராதி மாதிரி எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது.

யெர்ட்டில் ஹிட்லர்தான் என்று சூஸ் பிற்காலத்தில் சொன்னார். ஆரம்ப வரைவுகளில் ஆமைக்கு மீசையும் இருந்தது. அச்சுக்குப் போன புத்தகத்தில் மீசை இல்லை. எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். மீசை இருந்திருந்தால், 1945இல் செத்துப்போன ஒருவனைப் பற்றிய கதையாக அது நின்றிருக்கும். அதை எடுத்ததால் எந்த அடுக்குக்கும் பொருந்தும் கதையாகிவிட்டது. 2012இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆசிரியர்களுக்கும் மாகாண அரசுக்கும் தகராறு நடந்துகொண்டிருந்தது. பிரின்ஸ் ரூபர்ட் நகரத்தில் ஒரு ஆசிரியை, கீழே இருக்கும் எங்களுக்கும் உரிமை உண்டு என்று மாக் சொல்லும் வரியைப் பள்ளிக்குள் எடுத்துவந்தார். அது அரசியல் வாசகம், வகுப்பறையில் கூடாது என்று பள்ளி நிர்வாகம் சொன்னது. ஐம்பது வருடத்துக்கும் மேலான ஒரு ஆமையின் புலம்பல் அப்போதும் ஒரு நிர்வாகத்தை நெளிய வைத்திருக்கிறது.

தேதிகளைப் பாருங்கள்

அச்சு விவரங்கள் இருக்கும் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. நீங்கள் வாசியுங்கள். கதை எழுதப்பட்ட காலம், அச்சான காலம், அதைப் பற்றிச் சத்தம் கிளம்பிய காலம் என்று மூன்று தேதிகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் படம் வரைந்த ஃபெர்டினாண்ட் என்ற காளையின் கதை ஸ்பெயினில் நடக்கிறது. மற்ற காளைகள் முட்டி மோதும்போது இது மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பூவை முகர்ந்துகொண்டிருக்கும். ஒரு தேனீ கொட்டியதால் துள்ளிக் குதிப்பதைப் பார்த்து, பயங்கரமான காளை என்று நினைத்து மாட்ரிட்டுக்குச் சண்டைக்குக் கூட்டிப்போகிறார்கள். அரங்கத்தின் நடுவில் அது உட்கார்ந்து, பெண்கள் தலையில் வைத்திருக்கும் பூக்களின் வாசனையை அனுபவிக்கிறது. புத்தகம் வெளிவந்தது 1936 செப்டம்பரில். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது அதே வருடம் ஜூலையில். உடனே ஆளாளுக்கு அர்த்தம் சொன்னார்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினில் அதற்குத் தடை. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதை எரித்தார்கள். ஆனால் கதை எழுதி, படங்கள் வரைந்து, அச்சிட்டு வர மாதக்கணக்கில் ஆகும். ஜூலையில் தொடங்கிய போருக்காக எழுதிய கதையாக அது இருக்க முடியாது. நண்பர் லாசன் வரைவதற்கு ஏற்ற ஒரு கதை வேண்டும் என்றுதான் லீஃப் எழுதினார்.

சரி, அப்படியானால் அதில் அரசியலே இல்லையா? இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். சண்டை போடுவதற்காகவே வளர்க்கப்பட்ட ஒரு உயிர், கூட்டம் மொத்தமும் கத்தும்போது சண்டை போட மறுக்கிறது. குறிப்பிட்ட ஒரு ஆளைத் தாக்கும் நோக்கம் அதில் இல்லை. ஆனால் கூட்டத்தை ஒரே திசையில் ஓட வைக்க நினைக்கும் எந்த அரசுக்கும் அப்படி ஒரு காளை தொந்தரவுதான்.

இதைவிட வியப்பான கதை ரஷ்யாவுடையது. கொர்னெய் சுக்கோவ்ஸ்கியின் கரப்பான் பூச்சிக் கதைப்பாடல் 1920களின் தொடக்கத்தில் வந்தது. விலங்குகள் எல்லாம் உல்லாசமாகப் பயணம் போகின்றன. பெரிய மீசை வைத்த ஒரு கரப்பான் எதிரே வந்து, உங்களையெல்லாம் தின்றுவிடுவேன் என்று உறுமுகிறது. யானையும் காளையும் காண்டாமிருகமும் நடுங்கி ஒளிகின்றன. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உங்கள் குட்டிகளைக் கொண்டுவாருங்கள் என்று அது கேட்க, தாய்கள் அழுகிறார்கள். கங்காரு மட்டும், இது வெறும் கரப்பான்தானே என்று சிரிக்கிறது. சும்மா இரு, நமக்கு ஆபத்து வந்துவிடும் என்று மற்றவை அதை அடக்குகின்றன. கடைசியில் எங்கிருந்தோ ஒரு சிட்டுக்குருவி வந்து கரப்பானைக் கொத்தி விழுங்கிவிடுகிறது.

மீசைக்காரக் கொடுங்கோலன் என்றதும் எல்லோருக்கும் ஸ்டாலின் நினைவுதான் வரும். பின்னால் சோவியத் மக்களும் அப்படித்தான் வாசித்தார்கள். 1933இல் கவிஞர் மண்டல்ஷ்டாம் ஸ்டாலினைப் பற்றி எழுதிய கவிதையிலும் கரப்பான் மீசை வருகிறது. அந்தக் கவிதைக்காக அவர் கைதானார், 1938இல் கைதிகளின் இடைத்தங்கல் முகாம் ஒன்றில் இறந்தார். ஆனால் சுக்கோவ்ஸ்கி அந்தக் கதையை 1921இல் எழுதத் தொடங்கியபோது ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளராகக்கூட ஆகவில்லை. அது 1922 ஏப்ரலில்தான். கதை முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்து அதற்குள் உட்கார்ந்துகொண்டார். சுக்கோவ்ஸ்கி எதையும் முன்கூட்டிக் கணித்ததாக நான் நினைக்கவில்லை. பெரிய உடம்புகள் சின்ன மிரட்டலுக்கு எப்படி அடங்குகின்றன என்பதைச் சரியாகப் பார்த்து எழுதினார். சரியாகப் பார்த்து எழுதியது பின்னால் வரும் ஆட்களுக்கும் பொருந்தும்.

யார் பயந்தார்கள் என்று கேளுங்கள்

ஒரு புத்தகத்தைத் தடை செய்தார்கள் என்று கேள்விப்பட்டால், புத்தகத்தைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன் தடை செய்தவர்களைப் பற்றி யோசியுங்கள். 1958இல் கார்த் வில்லியம்ஸ், ஒரு வெள்ளை முயலும் ஒரு கறுப்பு முயலும் கல்யாணம் செய்துகொள்ளும் கதையை வெளியிட்டார். அடுத்த வருடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பெரிய கூச்சல். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணந்துகொள்வதைச் சட்டமே தடுத்த மாநிலம் அது. புத்தகத்தை எரிக்க வேண்டும் என்றார் மாநிலச் செனட்டர் எடின்ஸ். மாநில நூலகச் சேவையின் தலைவராக இருந்த எமிலி வீலாக் ரீட், அதைப் பொது அலமாரியிலிருந்து எடுத்து, கேட்கும் நூலகங்களுக்கு மட்டும் தரும்படி தனி அலமாரியில் வைத்தார். முழுதாக விலக்க மறுத்துவிட்டார். வில்லியம்ஸ் சொன்ன விளக்கம், வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்தில் கறுப்புக் குதிரை நின்றால் அழகாக இருக்கும் என்பது தனக்குத் தெரியும், வெள்ளை ரோமம் உள்ள மிருகங்கள் வெள்ளை மனிதர்களின் சொந்தக்காரர்கள் என்பது தெரியாது என்று. அவர் அரசியல் எழுதவில்லை. அதை எரிக்கச் சொன்னவர்கள்தான் தங்கள் அரசியலை முயல்மேல் ஏற்றினார்கள்.

வில்லியம் ஸ்டைக் வரைந்த சில்வெஸ்டர் என்ற கழுதைக்குட்டியின் கதையில் போலீஸ்காரர்கள் பன்றிகளாக வருவார்கள். அமெரிக்காவில் போலீஸைப் பன்றி என்று திட்டும் வழக்கம் பரவியிருந்த காலம் அது. போலீஸ் சங்கங்கள் ஆட்சேபித்தன. இங்கே படத்துக்குத் திரும்பிப் போங்கள்: அந்த ஊரில் எல்லோருமே ஏதோ ஒரு விலங்குதான், போலீஸ்காரர்கள் மரியாதையாகப் பேசிக் காணாமல் போன குட்டியைத் தேட உதவுகிறார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் விலங்காக இருந்தால் சந்தேகப்படலாம். ஊரே விலங்காக இருந்தால் அந்த விலங்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் சான்று.

அர்ஜென்டினாவில் நடந்தது வேறு. எல்சா போர்னெமானின் 1975 கதைத் தொகுப்பில் விக்டர் என்ற சர்க்கஸ் யானை வேலைநிறுத்தம் அறிவிக்கிறது. பழக்குபவர்கள் வித்தை காட்ட வேண்டிய நிலை வருகிறது, விலங்குகள் ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகின்றன. 1977இல் ராணுவ ஆட்சி அதைத் தடை செய்தது. அங்கே ஆட்சியாளர்கள் தப்பாக வாசிக்கவில்லை. வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று அந்த யானை குழந்தைக்குத் தெளிவாகவே சொல்கிறது.

திறவுகோல் புத்தகத்துக்குள்ளேயே இருந்தால்

சில புத்தகங்கள் எதையும் ஒளித்துவைப்பதில்லை. ஹாங்காங்கில் பேச்சுச் சிகிச்சையாளர்களின் தொழிற்சங்கம் ஒன்று 2020, 2021 ஆண்டுகளில் செம்மறி கிராமத்தைப் பற்றி மூன்று படப் புத்தகங்களை வெளியிட்டது. முதல் புத்தகத்தில் கிராமத்தைப் பிடிக்க வரும் ஓநாய்களை ஆடுகள் எதிர்க்கின்றன. இரண்டாவதில் பன்னிரண்டு ஆடுகள் படகில் தப்பிக்கின்றன. மூன்றாவதில் துப்புரவு வேலை செய்யும் ஆடுகள் வேலைநிறுத்தம் செய்கின்றன. ஹாங்காங்வாசிகளுக்கு இதில் விடுகதை எதுவும் கிடையாது. சீனாவின் பிடியை எதிர்த்து நடந்த 2019 போராட்டம், 2020 ஆகஸ்டில் படகில் தைவானுக்குப் போக முயன்று சீனக் கடலோரக் காவல்படையிடம் சிக்கிய பன்னிரண்டு பேர், சீனாவுடனான எல்லையை மூடச் சொல்லி 2020 பிப்ரவரியில் மருத்துவ ஊழியர்கள் செய்த வேலைநிறுத்தம்.

2021 ஜூலையில் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேரைக் கைது செய்தார்கள். எல்லோரும் இருபதுகளில் இருந்தவர்கள். பிரிட்டிஷ் காலனி ஆட்சி விட்டுப்போன தேசத்துரோகச் சட்டத்தின்கீழ் வழக்கு. 2022 செப்டம்பரில் ஒவ்வொருவருக்கும் 19 மாதச் சிறைத்தண்டனை. வார்த்தைகளை மட்டும் வைத்து அல்ல, அவை குழந்தைகளின் மனதில் உண்டாக்கும் விளைவை வைத்துத்தான் இது குற்றமாகிறது என்பது நீதிபதியின் வாதம். 2023இல் இந்தப் புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததற்காகவே ஒருவருக்குச் சிறை கிடைத்தது.

இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது, இப்போதும் வருகிறது. ஓநாய் யார் என்று நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது அரசுத் தரப்பு. ஓநாயின் இடத்தில் தன்னைத் தானே வைத்துப் பார்க்கும் அரசு, அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைத் தன் கையால் எழுதுகிறது. படப் புத்தகம் போட்டதற்காக ஒருவரும் ஒரு நாள்கூடச் சிறையில் இருந்திருக்கக் கூடாது.

அதே சமயம், வாசிக்கக் கற்றுக்கொள்பவர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இந்தப் புத்தகங்களில் இருக்கிறது. அடுத்தது அதைப் பற்றித்தான்.

அடி பதவிக்கா, பிறப்புக்கா?

நையாண்டியையும் வெறுப்புப் பிரச்சாரத்தையும் பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: கதையில் வரும் கெட்ட விலங்கு, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தால் கெட்டதா, அல்லது பிறந்த இனத்தாலேயே கெட்டதா?

யெர்ட்டிலும் ஆமை, மாக்கும் ஆமை. இடத்தை மாற்றிப் போட்டால் மாக்கும் கெட்டுப்போகலாம். 1961இல் சூஸ் எழுதிய ஸ்னீச்சுகள் என்ற கற்பனை உயிரினங்களின் கதையில், வயிற்றில் நட்சத்திரம் உள்ளவர்கள் இல்லாதவர்களை ஒதுக்குகிறார்கள். ஒரு வியாபாரி இயந்திரத்தோடு வந்து நட்சத்திரம் ஒட்ட மூன்று டாலர், எடுக்கப் பத்து டாலர் என்று வாங்கி எல்லோர் பணத்தையும் கறந்துவிட்டுப் போகிறான். யூத வெறுப்பை எதிர்த்து எழுதியது என்று சூஸ் சொன்னார். உயர்வு தாழ்வு என்பது ஒட்டி எடுக்கக்கூடிய ஒரு குறி என்பதை ஏழு வயதுக் குழந்தை எந்த விளக்கமும் இல்லாமல் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு எதிர்முனை, 1938இல் நாஜி ஜெர்மனியில் யூலியஸ் ஷ்ட்ரைஷரின் பதிப்பகம் வெளியிட்ட ‘விஷக்காளான்’. நல்ல காளான், விஷக்காளான் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு அம்மா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அப்படித்தான் யூதர்களையும் அடையாளம் காண வேண்டும் என்கிறாள். படங்கள் திறமையாக வரையப்பட்டவை என்பதுதான் கொடுமை. காளான் விஷமாகவே முளைக்கிறது. அது மாற வழியே இல்லை. போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மேல் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் ஷ்ட்ரைஷருக்கு எதிரான சான்றுகளில் இந்தப் புத்தகமும் ஒன்று. 1946இல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இந்தச் சோதனையை நமக்குப் பிடித்தவர்கள் மேலும் வைக்க வேண்டும். ஹிட்லரைக் கிழித்த அதே சூஸ், 1942 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த கார்ட்டூனில், அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானியர்கள் எல்லோரும் ஒரே முகத்தோடு வரிசையில் நின்று வெடிமருந்து வாங்குவதாக வரைந்தார். அடுத்த வாரம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணை வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் கார்ட்டூன் என் சோதனையில் விஷக்காளான் பக்கம்தான் விழுகிறது. 1953இல் அவர் ஜப்பானுக்குப் போய்வந்தார். மறு வருடம் வந்த ஹார்ட்டன் என்ற யானையின் கதையை கியோட்டோவைச் சேர்ந்த தன் நண்பர் மிட்சுகி நகமுராவுக்குச் சமர்ப்பித்தார். தூசு அளவு உலகத்தில் வாழும் சின்ன உயிர்களின் குரலை ஒரு யானை கேட்கும் கதை அது. பலர் இதைப் பிராயச்சித்தமாக வாசிக்கிறார்கள். நானும் ஓரளவு அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் சின்னவர்களைக் காப்பாற்றும் பெரிய யானை யார், போரில் தோற்ற ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்காவா என்ற கேள்வியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். சமர்ப்பணப் பக்கத்தை வாசிக்காமல் தாண்டியவர்களுக்கு இந்தப் பேச்சே கிடைத்திருக்காது.

ஹாங்காங் புத்தகங்களுக்கு வருகிறேன். ஓநாய் பிறப்பாலேயே ஓநாய். ஓநாய்களில் நல்லது உண்டா என்று அந்தக் கதைகளை வாசிக்கும் குழந்தை கேட்டால் என்ன சொல்வது? எல்லை தாண்டி வருபவர்கள் எல்லோருமே ஓநாயா? இது இலக்கியத்தைப் பற்றிய நியாயமான விமர்சனம். வாசகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், போலீஸ் பேச வேண்டிய விஷயம் இல்லை.

பிள்ளைகளோடு வாசிக்கும்போது

ரகசியத்தை முதலிலேயே உடைக்காதீர்கள். இது ஹிட்லர் என்று சொல்லித் தொடங்கினால், பிள்ளை ஆமையைப் பார்ப்பதை நிறுத்திவிடும். கதை முடிந்ததும் "இந்த மாதிரி வேற எங்க பார்த்திருக்க?" என்று கேளுங்கள். வகுப்புத் தலைவனில் தொடங்கி விளையாட்டு மைதானம், வீடு வரைக்கும் பதில் வரும். வீட்டைப் பற்றி வந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் நெளிவார்கள்; நெளியட்டும், அந்தப் பதிலைத் திருத்தக் கூடாது.

பிள்ளை தானாகவே "இது நிஜத்துல யாரு?" என்று கேட்டால் அப்போது மறைக்காதீர்கள். பெயர், நாடு, வருடம், அவர் என்ன செய்தார் என்று நாலு வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆசிரியரே சொன்னதையும், மற்றவர்கள் ஊகித்ததையும், நீங்கள் நினைப்பதையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லுங்கள். "இப்படின்னு அவரே சொல்லியிருக்கார்", "இப்படின்னு சிலர் வாசிக்கிறாங்க", "எனக்கு இப்படித் தோணுது" என்று மூன்று விதமாகப் பேசக் கேட்டே வளரும் பிள்ளைக்கு, செய்தித்தாளை வாசிக்கும்போதும் அந்தப் பழக்கம் வரும்.

நீங்கள் இன்று ஆதரிக்கும் கட்சியையோ எதிர்க்கும் கட்சியையோ ஆமைமேல் ஒட்டாதீர்கள். நான் நூலகத்தில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். பெற்றோர் ஒருவர் பின்னாலிருந்து ஒரு தலைவர் பெயரைச் சொன்னால், "பிள்ளைகளே யோசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

எந்த வயதுக்கு எது என்று கேட்பவர்களுக்கு என் வரிசை இது. ஆறு, ஏழு வயதுக்கு யெர்ட்டிலும் ஃபெர்டினாண்டும். எட்டு வயதுக்கு ஸ்னீச்சுகள். பத்து வயதுக்கு மேல், 1984இல் அணு ஆயுதப் போட்டியைப் பற்றி சூஸ் எழுதிய வெண்ணெய்ச் சண்டைப் புத்தகம். ரொட்டியின் மேல்பக்கம் வெண்ணெய் தடவுகிறவர்களும் கீழ்ப்பக்கம் தடவுகிறவர்களும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று ஆயுதத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் இரண்டு பேர் ஆளுக்கொரு குண்டோடு சுவர்மேல் நிற்கிறார்கள், யார் முதலில் போடுவார் என்று அவர்களில் ஒருவருடைய பேரன் கேட்கிறான், பொறுத்திருந்து பார் என்கிறார் தாத்தா. அத்தோடு கதை நின்றுவிடுகிறது. முடிவே இல்லையா என்று பிள்ளைகள் கோபப்படுவார்கள். காகிதம் கொடுத்து, அடுத்த பக்கத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். சண்டை போட்டுக்கொண்டு எழுதுவார்கள். கரப்பான் கதையை எந்த வயதிலும் சொல்லலாம், மண்டல்ஷ்டாமைப் பற்றிப் பதின்மூன்றுக்குப் பிறகு பேசலாம். செம்மறி கிராமத்தையும் அதன் வழக்கையும் அதே வயதில் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். விஷக்காளானைச் சின்னப் பிள்ளைகளிடம் காட்டவே வேண்டாம். பதினைந்து வயதில், பள்ளியில் இரண்டாம் உலகப் போர்ப் பாடம் நடக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பேசிப் பேசிக் காட்டுங்கள்.